ஒற்றை விசில்

ரெண்டு விசில் அடித்து அனுப்பி இருபத்தேழு நிமிஷம் ஆகிவிட்டது, கேட்க ஒரு நாதியில்லை. லிட்வின் மடியிலிருந்த மிக்ஸி ஜாரை இடது கையால் அணைத்துக்கொண்டு, வலது கைக் கட்டைவிரலால் திரையைக் கீழே இழுத்து இழுத்து விட்டான், ஒவ்வொரு தடவையும் காலி வாளிதான் மேலே வந்தது. சிக்னல் இல்லையோ என்றால் நாலு கோடும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறது. வாய்ஸ் நோட் ஒழுங்காகப் போகவில்லையோ என்றால் கேட்டவர்கள் பட்டியலில் முப்பத்தெட்டு பேர் இருக்கிறார்கள், முப்பத்தெட்டு பேரும் காதில் வாங்கிக்கொண்டு வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பஸ் தூத்துக்குடியைத் தாண்டி உப்பளத்து நடுவில் போய்க்கொண்டிருந்தது, இரண்டு பக்கமும் பாத்தி பாத்தியாக வெயில் தேங்கிக் கிடந்தது, அந்த வெள்ளை ஜன்னல் வழியாக வந்து திரையையே அழித்தது, அவன் குனிந்து உள்ளங்கையைக் குடையாகப் பிடித்துப் பார்த்தான். ‘கடைசி சீட்.’ இருநூற்றுச் சொச்சம் பஸ் பைத்தியங்கள் கூடியிருக்கிற வாட்ஸப் குரூப். எந்த வண்டி எந்த டெப்போவுக்கு மாறியது, எந்த டிரைவர் எந்த ஹாரன் மாட்டியிருக்கிறார், எந்த ரூட்டில் எத்தனாம் வளைவில் கியர் மாற்றுவார் என்பதைத் தவிர வேறு எதுவும் பேசக் கூடாத இடம். அதில் ஒரு சட்டம் உண்டு, கோவில்பட்டியில் பேட்டரிக் கடை வைத்திருக்கிற அட்மின் மந்திரம் அண்ணன் போட்டது. குரூப்பை விட்டுப் போகிறவன் சொல்லாமல் போகக் கூடாது, கண்டக்டர் வண்டியை எடுக்கச் சொல்லுகிற மாதிரி ரெண்டு விசில் அடித்துவிட்டுப் போக வேண்டும். அவன் போகக் கூடாது என்று நினைக்கிறவன், கண்டக்டர் வண்டியை நிறுத்தச் சொல்லுகிற மாதிரி ஒற்றை விசில் அடிக்க வேண்டும். ஒற்றை விசில் ஒன்று விழுந்தாலும் போதும், வண்டி நின்றே ஆக வேண்டும், போகிறேன் என்றவன் போக முடியாது. மத்தியானம் பன்னிரண்டு மணிவரை ஒன்றுகூட விழாவிட்டால் மந்திரம் அண்ணனே ‘ரைட், போலாம்’ என்று எழுதி ஆளை வெளியே எடுத்துவிடுவார். இதுவரை யாருக்கும் அப்படி எழுதியதில்லை. இப்போது மணி ஒன்பது இருபத்தேழு. லிட்வினுக்கு இது நாலாவது ரெண்டு விசில்.

“அந்த ஜாரைக் கொஞ்சம் அங்கிட்டு வையி தம்பி, இது இறக்கை, வளைஞ்சா போச்சு” என்று பக்கத்துச் சீட்டுக்காரர் சொன்னார். அவர் சீலிங் ஃபேனின் மூன்று இறக்கைகளைப் பழைய வேட்டியில் சுற்றிக் கைக்குழந்தையைப் போல வைத்திருந்தார். அவனிடம் அக்காவின் மிக்ஸி ஜார், பிளேடு மாற்றியது, ராமநாதபுரத்தில் கட்டிக்கொடுத்த அக்கா ஒரு வாரமாகச் சட்னி இல்லாமல் இட்லி தின்கிறாளாம், அம்மா அவனை ஏற்றிவிட்டாள். என்ன ஒரு பயணம், காயலான் கடை ஊர்வலம். கண்டக்டர் வந்தார், ஃபேன்காரர் “செவல்குடி ஒண்ணு” என்றார். “செவல்குடி உள்ள போகாதுண்ணே. முன் கண்ணாடியில பைபாஸ் ரைடர்னு இம்புட்டுப் பெருசா ஒட்டியிருக்குல்லா.” “ஊருக்குப் பிரியுற விலக்குல நிறுத்துங்க, நான் நடந்துக்கிடுதேன்.” “விலக்குல ஸ்டாப்பு கிடையாது. நாலு கிலோமீட்டர் தள்ளி டோல்ல எறங்கி ஆட்டோ பிடிச்சி வாங்க.” “நாலு கிலோமீட்டர் தாண்டிப்போயி நாலு கிலோமீட்டர் திரும்பி வாறதுக்கா நான் பஸ்ஸுல ஏறுனேன்?” “என்கிட்ட ஏம்ணே கேக்கிய, ஓனர்கிட்ட கேளுங்க, அவரு ஏ.சி. ரூமுல இருக்காரு, ஃபேனுகூட வேண்டாம் அவருக்கு.” பஸ்ஸில் நாலு பேர் சிரித்தார்கள். கண்டக்டரின் குரலில் ‘க்கி’, ‘ச்சி’ வருகிற இடமெல்லாம் மூக்கில் லேசாக அடைத்தது, லிட்வின் அந்த அடைப்பை உடனே எடுத்து வைத்துக்கொண்டான், கேக்க்கிய, பிடிச்ச்சி, நாக்கின் பின்பக்கம் ஒட்டிப் பார்த்தான், சரியாக உட்கார்ந்தது. இது ஒரு வியாதி. பாதிரியார் பிரசங்கத்தில் இருமுகிற இருமல், இயற்பியல் சார் ‘ஆகவே’ சொல்லுமுன் விழுங்குகிற எச்சில், பழைய பஸ் ஸ்டாண்டு அறிவிப்பில் வரும் பெண்ணின் மூச்சு விடாத ‘திருச்செந்தூர்-குலசேகரன்பட்டினம்-உடன்குடி’, எல்லாவற்றுக்கும் அவன் தொண்டைக்குள் பாய் விரித்து இடம் போட்டு வைத்திருக்கிறான். விசிலும் அப்படித்தான். இரும்பு விசிலுக்குள் உருளுகிற குண்டுமணியின் குர்ர்ரைக்கூட நாக்கை மடக்கிக் கொண்டுவந்துவிடுவான். அதனால்தான் குரூப்பில் முதல் சட்டமே, ஓடுகிற பஸ்ஸில் உட்கார்ந்து விசில் அடிக்கக் கூடாது, டிரைவருக்கு எது நிஜம் எது நம்ம பயல் என்று தெரியாது. அவன் இன்றைக்கும் ரெண்டு விசிலை பஸ் ஏறுமுன் கட்டணக் கழிப்பறைச் சுவரோரம் நின்றுதான் அடித்தான்.

முதல் தடவை நிஜம். அதை யாரும் இப்போது நம்பமாட்டார்கள். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது அம்மா போனை பீரோவுக்குள் வைத்துப் பூட்டப்போகிறேன் என்றாள், சாயங்காலம் வரைக்கும் டைம் கேட்டு வாங்கி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு ரெண்டு விசில் அடித்தான், அன்றைக்குச் சரியாகக்கூட வரவில்லை, காற்றுதான் வந்தது. பரீட்சை முடிந்து போன் கைக்கு வந்த அன்று மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் மல்லாந்து படுத்துக் கேட்டான். நாற்பத்தேழு ஒற்றை விசில். வண்டி நின்றுதான் இருந்திருக்கிறது, டிரைவர்தான் பீரோவுக்குள். ஒன்று முடிந்து இன்னொன்று தானாகவே ஓடியது, பல் இடுக்கில் அடித்தது, விரல் வைத்து அடித்தது, பிரஷர் குக்கர் விசிலைப் பிடித்து அனுப்பியது, வராத விசிலுக்கு வாயாலேயே ‘விசிலு’ என்று சொன்னது, எல்லாவற்றுக்கும் முன்னால், முதலாவதாக, நிஜமான இரும்பு விசில், நீளமாக, குண்டுமணி உருள. அதை எத்தனை தடவை கேட்டிருப்பான். வயிற்றுக்குள் யாரோ வெந்நீர் ஒத்தடம் கொடுத்தது போல இருந்தது. அந்த வெந்நீர்தான் பழக்கமாயிற்று. இரண்டாவது தடவை மாமா மஸ்கட்டுக்குக் கூட்டிப்போகிறார் என்றான், அவனுக்கு மாமாவே கிடையாது. ஐம்பத்திரண்டு. மூன்றாவது தடவை, பத்து நாளுக்கு முன்னால், படிப்பில் கவனம் செலுத்தப்போகிறேன் என்றான், பாதிரியார் குரலில் பாதி, இயற்பியல் சார் குரலில் மீதி, முப்பத்தொன்று. ஐம்பத்திரண்டு முப்பத்தொன்றானபோதே உஷாராகியிருக்க வேண்டும். ஒரே ஜோக்கை மூன்று தடவை சொல்லக் கூடாது என்பது அவனே மற்றவர்களுக்குச் சொல்லுகிற பாடம். ஆனால் இந்த ஒரு வாரமாக அவன் போட்ட எதற்கும் யாரும் சிரிக்கவில்லை, டோல் கேட் பெண்ணின் குரலில் போட்டான், ஏர் பிரேக்கின் குரலில்கூடப் போட்டான், புஸ்ஸ்ஸ் என்று, இரண்டு கட்டைவிரல் வந்தது, ஒன்று தவறிப்போய் விழுந்ததாக இருக்கும். அப்புறம் என்னதான் செய்ய, சொல்லுங்கள். கதவருகில் போய் நின்றால்தான் வீட்டுக்காரர்கள் எங்கே கிளம்பிட்டே என்று கேட்கிறார்கள்.

கேட்காமலும் இருந்திருக்கிறார்கள், அது வேறு கதை, அதை நினைக்க வேண்டாம் என்றால் பஸ்ஸின் ஆட்டத்தில் அதுதான் முதலில் மேலே வருகிறது. பனிமய மாதா திருவிழா, ஆகஸ்ட் ஐந்து, அவனுக்கு ஆறு வயது, வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள், ஒளிந்து பிடிக்கிற விளையாட்டில் அவன் மெத்தைக் குவியலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான். நல்ல இடம். அவ்வளவு நல்ல இடம் யாருக்கும் கிடைத்திருக்காது. பஞ்சு வாசனையும் யாரோ குழந்தை நனைத்த வாசனையுமாக, வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு, இப்போது வருவார்கள், இதோ இப்போது. பந்தி போட்டார்கள். அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்டது. ரசம் கேட்கிறார்கள், மோர் கேட்கிறார்கள், அவனைக் கேட்கவில்லை. இரண்டு மணி நேரம். தேடாமல் இருந்தது கோபத்தினால் இல்லை, அதுதான் விஷயம், பெரிய சித்தி வீட்டுப் பிள்ளைகளோடு இருப்பான் என்று இவர்களும், இவர்களோடு இருப்பான் என்று அவர்களும் நினைத்துக்கொண்டார்கள். கடைசியில் அவனாகவே வெளியே வந்தான். தலை முழுக்கப் பஞ்சு. வந்ததும் எல்லோரும் ஓடிவந்து கட்டிக்கொள்வார்கள் என்று கதவருகில் கொஞ்சம் நின்றுகூடப் பார்த்தான், அம்மா நிமிர்ந்து பார்த்து, கைகழுவிட்டு வா என்றாள், அவ்வளவுதான். அப்பளம் தீர்ந்துபோயிருந்தது. டிங் என்றது போன். பாய்ந்து திறந்தான், மந்திரம் அண்ணன், எழுத்துதான், விசில் இல்லை. ‘ரிட்டன் டிரிப்பு கிளம்பியாச்சா? வர்றப்ப மக்ரூன் கால் கிலோ.’ அதற்குக் கீழே மூன்று சிரிப்பு. ரிட்டன் டிரிப்பு, மூன்றாவது தடவைக்குப் பிறகு அவனுக்கு விழுந்த பெயர். அப்புறம் யாரோ கொட்டாவி விடுகிற பூனை ஒன்றைப் போட்டார்கள். பூனையின் தொண்டைக்குள் நாக்கு நன்றாகத் தெரிந்தது.

வேம்பாறு வந்தது, பனை வந்தது, வெள்ளை போய்ச் செம்மண் வந்தது, மணி பத்து நாற்பது. இத்தனை நேரத்தில் அவன் மூன்று செய்திகளை எழுதி மூன்றையும் அழித்துவிட்டான். இந்த முறை நிஜமாகவே போகிறேன் என்று ஒன்று, ‘நிஜமாகவே’ என்ற சொல்லைப் பார்த்தாலே பொய் நாறியது. யாருக்கும் நான் பாரமாக இருக்க விரும்பவில்லை என்று ஒன்று, அது அவனுடையதே இல்லை, சின்ன அத்தை சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைக்கும்போது சொல்லுவது. மூன்றாவது வெறும் புள்ளி. புள்ளியைக்கூட அனுப்பாமல் அழித்தான். தலைக்குள் செய்தி வாசிக்கிறவர் வந்து உட்கார்ந்துகொண்டார், வணக்கம், தூத்துக்குடியைச் சேர்ந்த பிரபல நாடோடி லிட்வின் இன்று காலை காலமாகாமலேயே காலமானார், அன்னாரின் மறைவுக்குப் பூனை ஒன்று கொட்டாவி விட்டு அஞ்சலி செலுத்தியது. சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் அடங்கியும் போனது, பன்னிரண்டு மணிக்கு நிஜமாகவே ‘ரைட், போலாம்’ என்று எழுதிவிட்டால் என்ன செய்வது, எழுதிய பிறகு திரும்ப எந்த முகத்தோடு போய் நிற்பது, அங்கே போடாமல் இந்தக் குரல்களை எங்கே கொண்டுபோய்ப் போடுவது, அக்காவிடமா, அவளுக்குச் சட்னி போதும். பள்ளியில் அவனைக் கூப்பிட்டு, ஏலே, சார் மாதிரி பேசிக் காட்டு என்பார்கள், முடிந்ததும் போய்விடுவார்கள். உன்ன மாதிரி பேசிக் காட்டு என்று யாரும் கேட்டதில்லை, கேட்டால் என்ன செய்திருப்பான், ஒரு இருமலாவது வேண்டாமா பிடித்துக்கொள்ள. யார் இந்த நேரத்தில் அடித்திருப்பார்கள், யோசி, நாற்பத்தேழிலும் முதல் விசில், ஐம்பத்திரண்டிலும் முதல் விசில், முப்பத்தொன்றிலும். இரும்பு விசில். செவல்குடி சீனி அக்கா. அவள் அடித்த பிறகுதான் மற்றதெல்லாம் விழும், மாதா கோயிலில் ஒரு கிழவி பாட்டை எடுத்துக்கொடுத்தால்தான் மற்றவர்களுக்கு வாய் திறக்கிற மாதிரி. பதினொன்றாகப் போகிறது, சீனி அக்கா என்ன செய்கிறாள்.

கேட்டவர்கள் பட்டியலைத் திறந்தான், இப்போது நூற்று நாற்பது பேர், மேலிருந்து கீழே விரலை ஓட்டினான், இல்லை. கேட்காதவர்கள் பட்டியலிலும் இல்லை. ஒருவேளை பெயரை மாற்றியிருப்பாளோ, சீனி பாத்திமா என்றுதான் வைத்திருப்பாள், சர்பத் பாட்டில் படத்தோடு. செவல்குடி பஸ் ஸ்டாண்டுக்குள் அவளுக்கு நன்னாரி சர்பத் கடை. குரூப்பில் இருந்த ஒரே பொம்பளை. அவள் பஸ் பைத்தியம்கூட இல்லை, எந்த எஞ்சின் என்ன என்று அவளுக்குத் தெரியாது, வந்த வண்டிக்குச் சர்பத் கொடுக்கிறவள், எப்போதோ ஒரு கண்டக்டர் கடைப் பலகையில் விசிலை மறந்துவிட்டுப் போய், அது யாருடையது என்று கேட்கத்தான் குரூப்புக்குள் வந்தாள். யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை, விசிலும் அவளும் தங்கிவிட்டார்கள். டைப் அடிக்க வராது, வாய்ஸ் நோட்தான், எந்த நேரத்து வண்டி ஸ்டாண்டுக்குள் வந்தது என்று. ‘ஆறு பத்து, உள்ள வந்தாச்சு.’ ‘ஏழு முப்பத்தஞ்சு, உள்ள வந்தாச்சு, கூட்டம் இல்ல.’ தினமும். ஒருவரும் பதில் சொன்னதில்லை, சுவர்க் கடிகாரத்துக்கு யார் பதில் சொல்லுவார்கள். லிட்வின் குரூப்பின் உறுப்பினர் பட்டியலை அடிவரை தள்ளினான், அடியில் இன்னொரு பட்டியல், முன்னாள் உறுப்பினர்கள், அதைத் தொட்டான். ஒரே ஒரு பெயர். சர்பத் பாட்டில் படம். பதினாலாம் தேதி வெளியேறினார். பதினாலு. அன்றைக்குத்தானே அவன் படிப்பில் கவனம் செலுத்தப்போனான். யாரும் சொல்லவில்லையே. சொல்லாது, இப்போதெல்லாம் யாராவது விலகினால் அட்மினுக்கு மட்டும்தான் காட்டும், மந்திரம் அண்ணன் அன்றைக்கு முப்பத்தொரு விசிலை எண்ணிக்கொண்டிருந்திருப்பார். அவள் ரெண்டு விசில் அடிக்கவில்லை. கையில் நிஜ விசில் வைத்திருந்த ஒரே ஆள், அடிக்காமல் போயிருக்கிறாள்.

அவன் மேலே மேலே தள்ளிக்கொண்டு போனான், பூனைகளையும் ஹாரன்களையும் தாண்டி. பைபாஸ் ரோடு திறந்த வாரத்திலிருந்து அவள் குரல் மாறியிருந்தது, அப்போது கவனிக்கவில்லை, இல்லை, கவனித்தான், அதுதான் கேவலம், வேறு யாரையும்விட நன்றாகக் கவனித்தான். ‘ஆறு பத்து, உள்ள வரல்ல.’ ‘ஏழு முப்பத்தஞ்சும் வரல்ல.’ ‘ஒம்பது அஞ்சு… அதுவும் வரல்ல.’ அந்த ‘ல்ல’வை அவள் தரையில் தேய்த்துக்கொண்டே இழுத்தாள், கால் செருப்பு அறுந்தவள் நடக்கிற மாதிரி, அந்த இழுப்பு அவனுக்குச் சட்டென்று பிடித்துப்போயிற்று. பதின்மூன்றாம் தேதி ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் ஒரே டேக்கில் போட்டான். இதோ இருக்கிறது, நாற்பது நொடி, தொட வேண்டாம் என்று நினைக்கும்போதே விரல் தொட்டுவிட்டது, போனைக் காதோடு ஒட்டிக்கொண்டான். ‘ஆறு பத்து… வரல்ல. ஏழு முப்பத்தஞ்சு… வரல்ல. மழை… வரல்ல. மாப்பிள்ளை… வரல்ல. எமனும்… பைபாஸ்ல போயிட்டான், உள்ள வரல்ல.’ அறுபத்து நாலு சிரிப்பு, கண்ணீர் தெறிக்கிற சிரிப்பு, இத்தனை மாதத்தில் அவனுடைய ரெக்கார்டு. நன்றாகத்தான் இருந்தது, இப்போதும் நன்றாகத்தான் இருக்கிறது, அதுதான் தாங்கவில்லை. சிரிப்புகளுக்குக் கீழே அவளுடைய வாய்ஸ் நோட், ஆறு நொடி. ‘அப்படியே என்னய மாதிரியே இருக்கு தம்பி.’ சிரிக்கிறாள். சிரித்து முடித்த பிறகு நோட் முடியவில்லை, அரை நொடி மீதி இருக்கிறது, அதில் ஒரு மூச்சு, மிக்ஸியை நிறுத்தின பிறகும் பிளேடு கொஞ்சம் சுற்றுமே, அப்படி. அவன் அந்த அரை நொடியைத் திரும்பக் கேட்டான். திரும்ப. மாப்பிள்ளை வரல்ல. அவளுக்கு மாப்பிள்ளை இருக்கிறாரா, எங்கே இருக்கிறார், இருந்து வராமல் இருக்கிறாரா, இல்லவே இல்லையா, ஒன்றரை வருஷமாக அவள் குரலின் ஒவ்வொரு மடிப்பும் அவனுக்குத் தெரியும், அவளைப் பற்றி ஒன்றும் தெரியாது. வண்டியே உள்ளே வராத ஸ்டாண்டில் சர்பத்தை யார் குடித்திருப்பார்கள். அதற்கும் கீழே அவள் நம்பரிலிருந்து இன்னும் ஒன்றே ஒன்று. பதினாலாம் தேதி காலை எட்டு பன்னிரண்டு. இரண்டு நொடி. கேட்க வேண்டியதில்லை, இருந்தும் கேட்டான். ஒற்றை விசில். நீளமாக, குண்டுமணி உருள. அவனுக்கு. அவன் படிப்பில் கவனம் செலுத்தப் போகக் கூடாது என்று. அதை அடித்து வைத்துவிட்டு, அவள் சத்தமில்லாமல் எழுந்து போயிருக்கிறாள், அதன் மேல் முப்பது விசில் வந்து மூடியிருக்கிறது.

“என்ன தம்பி, முகம் வேர்த்துப்போச்சு, வாந்தி வருதா, ஜன்னல் பக்கம் வாரியா” என்றார் ஃபேன்காரர். இல்லை என்று தலையை ஆட்டினான். நம்பர் இருக்கிறது, தொட்டால் திறக்கும், திறந்தது, வெறும் வெள்ளைத் திரை, இதுவரை ஒரு வார்த்தையும் போயிராத திரை. என்ன சொல்ல. மன்னித்துவிடுங்கள் அக்கா என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தான், பாவசங்கீர்த்தனத்தில் முழங்காலிட்டவன் குரல் வந்தது. அக்கா எப்படி இருக்கீங்க, கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளிக்கிற குரல். சும்மா விளையாட்டுக்குத்தான்க்கா, இது அவனுடைய குரல் மாதிரி இருந்தது, அதனாலேயே பயமாக இருந்தது. வெளியே பச்சைப் பலகை வந்தது, வெள்ளை எழுத்து, செவல்குடி, இடது பக்கம் அம்பு, ஒன்றரை கிலோமீட்டர். பஸ் அம்புக்கு வலது பக்கம் வேகம் எடுத்தது. தூரத்தில் வேலிக்கருவைகளுக்கு மேலே ஒரு பச்சை மினாராவும் தண்ணீர்த் தொட்டியும் தெரிந்தன, அவை பின்னால் நகர ஆரம்பித்தன, போகிறது, அதோ போகிறது, உள்ளே வரல்ல. அவன் வாய்ஸ் நோட் பட்டனை அழுத்திப் பிடித்தான். விரல் இரண்டும் தாமாக வாய்க்குள் போயின, நாக்கு தானாக மடிந்தது, போகாதீங்க என்பதற்கு அவனுக்குத் தெரிந்த ஒரே சொல் அதுதான், நீளமாக, குண்டுமணி உருள, ஒற்றை விசில்.

பஸ் நின்றது. சும்மா நிற்கவில்லை, ஆறு சக்கரமும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது, மிக்ஸி ஜார் முன் சீட்டில் மோதி மூடி தெறித்தது, நின்றுகொண்டிருந்தவர்கள் எல்லாம் ஒரே குடும்பமாக முன்னால் போய்த் திரும்பி வந்தார்கள். “எவம்லே அது” என்றார் டிரைவர். “நான் அடிக்கல” என்றார் கண்டக்டர், கழுத்துக் கயிற்றில் தொங்குகிற தன் விசிலையே சந்தேகமாகப் பார்த்தபடி. “நீ அடிக்காம, எங்கம்மையா வந்து அடிச்சா? எனக்குக் காது கேக்கும்லா.” “சத்தியமா நான் அடிக்கலண்ணே.” பஸ் முழுக்கத் திரும்பியது, லிட்வின் வாயில் இன்னும் ரெண்டு விரல் இருந்தது, எச்சில் மணிக்கட்டில் வழிந்தது. எத்தனை கண்கள். இப்படி எல்லோரும் தன்னையே பார்க்க வேண்டும் என்றுதானே, ஆனால் இப்போது அவர்களெல்லாம் வேறு பக்கம் பார்த்தால் தேவலை. கண்டக்டர் வந்து மேலே நின்றார். “வெளையாட்டா? வெளையாட்டா இருக்கா ஒனக்கு? எறங்குலே கீழ.” அதற்குள் ஃபேன்காரர் எழுந்துவிட்டார், இறக்கைகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, “எது எப்படியோ, வண்டி நின்னுருச்சு, விலக்கு இங்கதான், தம்பி என் புள்ளதான், நான்தான் அடிக்கச் சொன்னேன், நகருங்க, நகருங்க” என்றார், பின்னால் ரெண்டு பெண்கள் கூடைகளோடு, “செவல்குடியா, நாங்களும் எறங்கிக்கிடுதோம், நல்லதாப் போச்சு” என்று வந்தார்கள். லிட்வின் மூடியைச் சீட்டுக்கடியில் தேடி எடுத்துக்கொண்டு இறங்கினான். படியிலிருந்து கண்டக்டர் ஏதோ சொன்னார், ‘பிடிச்ச்சி’ அதில் இருந்தது, அவன் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. ரெண்டு விசில். பஸ் போய்விட்டது.

வெயில் காதுக்குள் இரைந்தது. போனைப் பார்த்தான், இறங்குகிற அவசரத்தில் கட்டைவிரல் நழுவி நோட் தானாகவே போயிருந்தது, பதினேழு நொடி, விசில், பிரேக், எவம்லே அது, எங்கம்மையா, எல்லாமும். அனுப்பினதை அழித்துவிடலாம், இன்னும் நேரம் இருக்கிறது, விரலைக் கொண்டுபோகும்போது ரெண்டு டிக்கும் நீலமாயின. திரையின் மேலே மந்திரம் அண்ணன் எட்டிப் பார்த்தார், ‘மணி ஆகுது, எவனாவது பிரேக் பிடிங்கப்பா, இல்லன்னா நான் ரைட் சொல்லிருவேன்.’ அதை விலக்குவதற்குள் போன் அடித்தது. சர்பத் பாட்டில். மூன்று ரிங் போகும்வரை பார்த்துக்கொண்டே நின்றான்.

“யாரு, லிட்வின் தம்பியா?”

அவன் நாக்கில் இருந்ததைவிட அந்தக் குரல் சின்னதாக இருந்தது, இழுப்பும் அவ்வளவு இல்லை. “ஆமாக்கா.”

“வண்டி நின்ன சத்தம் கேட்டுச்சே. விலக்குலயா?”

“விலக்குலதான்க்கா.”

“உள்ள வருதா?”

அவன் ரோட்டைப் பார்த்தான். பஸ் தீப்பெட்டி அளவுக்குப் போயிருந்தது. போன் காதுக்குள் ஒரு தடவை அதிர்ந்தது, உடனே இன்னொரு தடவை, குரூப்பில் எதுவோ விழுகிறது, பூனையாக இருக்கலாம், விசிலாகவும் இருக்கலாம். பாதிரியாரும் செய்தி வாசிக்கிறவரும் சின்ன அத்தையும் தொண்டையில் முண்டியடித்துக்கொண்டு வந்து நின்றார்கள், ஒருவருக்கும் இந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை.

“இல்லக்கா. அது போயிருச்சு. நான் மட்டும் எறங்கிட்டேன்.”

அந்தப் பக்கம் அரை நொடி மூச்சு. அதே மூச்சுதான். அதன் மறுபக்கம் என்ன இருக்கும் என்று பத்து நாள் கழித்து இப்போதுதான் அவன் காத்திருந்தான்.

“எதுக்குத் தம்பி?”

“ஒரு சர்பத் குடிக்கலாம்னு.”

“கடைய அடைச்சுப் பத்து நாளாச்சே.”

“அடைச்சா என்னக்கா, நடந்து வாரேன்.”

“இந்த வெயிலுலயா.” பாத்திரம் எதையோ கீழே வைக்கிற சத்தம், கதவு நகருகிற சத்தம். “எத்தன மணிக்கு உள்ள வருவ? சரியாச் சொல்லணும். சாவி வீட்டுல கெடக்கு, எடுத்துட்டு ஸ்டாண்டுக்கு வரணும்.”

ஒன்றரை கிலோமீட்டர், கையில் ஜார், முன்னால் ஃபேன்காரர் அதற்குள் நூறு அடி போய்விட்டார், ஓய் விசிலு, வாரியா இல்லியா என்று கையைக் காட்டுகிறார். இப்போது பதினொன்று முப்பத்தேழு.

“பதினொண்ணு அம்பத்தஞ்சு.”

“லேட்டாகாதுல்ல?”

“ஆகாதுக்கா” என்றான், சொல்லிவிட்டு ஓட ஆரம்பித்தான், ஜாரின் மேல் மூடி கடகடவென்று அடித்துக்கொண்டே வந்தது.